தோட்டத்து நேரம்

குளியலறைத் தகரக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அந்தக் கதவை ஹம்ஸியா சாத்தும் விதம் ஸரூக்குக்கு அத்துப்படி. முதலில் ஒரு இழுவை, பிறகு மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், அப்புறம் இடுப்பால் ஒரு தள்ளு. எட்டு மாத வயிற்றை வைத்துக்கொண்டு அப்படித்தான் சாத்துவாள். இழுவையும் நிறுத்தமும் தள்ளும் ஒன்று குறையாமல் கேட்டன. ஆனால் ஹம்ஸியா அவன் கண்ணெதிரே சாய்கதிரையில் கால் நீட்டி உட்கார்ந்து, டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியும் கேளாமல், மடியில் சுளகை வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் போய்ப் பார்த்தான். கதவு திறந்தே கிடந்தது. தரை காய்ந்திருந்தது. காற்றாக இருக்கும் என்றாள் ஹம்ஸியா. அவனும் அப்படித்தான் நினைத்து, வீட்டு முன்பக்கத்துப் பழஞ்சாமான் கடைக்கு வந்து, பழைய மேசைக் கால் ஒன்றுக்கு உப்புத்தாள் போட உட்கார்ந்தான். ஒரு அரைமணி நேரம் போயிருக்கும். ஹம்ஸியா எழும்பிக் குளியலறைக்குப் போனாள். இழுவை, நிறுத்தம், தள்ளு. தாளைத் தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. தன் காதைத் தானே திட்டிவிட்டு மறுபடி தேய்த்தான்.

ஏற்கெனவே அவன் கொதித்துப்போய் இருந்தான். கொதிக்காமல் என்ன செய்வான்? தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த மறுவருசம் அது. நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரிய துரை சீமைக்கே திரும்பிவிட, பங்களாச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி ஏலம் விட்டார்கள். இரண்டு கருங்காலி அலுமாரிக்காக ஸரூக் ஒரு மாதமாய்க் கனவு கண்டிருந்தான். பண்டாரவளை வியாபாரிகள் நாலு பேர் கூட்டுச் சேர்ந்து வந்து, அவனை வாய் திறக்க விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். கடைசியில் அவன் தலையில் விழுந்தது தோட்டத்து ஆபீஸ் விறாந்தையில் நின்ற ஆளுயர மணிக்கூடு ஒன்றுதான். அதையும் ஏற்ற வந்த லொறிக்காரன் மூன்று மணி நேரம் சுணங்கி, மழையில் நனைய விட்டு, அடிப்பாதத்தில் ஒரு மூலையைப் பெயர்த்தும் வைத்தான்.

ஏற்றும்போது ஒருத்தி கிட்ட வந்தாள். இராக்கம்மா என்று பெயர், ஆபீஸ் கூட்டுகிறவள். மணிக்கூட்டின் கனத்தில் அவன் கை இற்றுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, இது அரைமணி முந்தித்தான் ஓடும், அதை அப்படியே விட்டுவிடுங்கள் முதலாளி என்றாள். தோட்டமே அந்த நேரத்தில்தான் ஓடியதாம். தொழிலைப் பெண்பிள்ளையா எனக்குச் சொல்லித் தருவது என்று அவன் எரிந்து விழுந்தான்.

கடையில் இறக்கியதும் அதைச் சரிப்படுத்தினான். அங்கேதான் பிழை விட்டான். அடிக்கிற மணிக்கூட்டின் முள்ளைப் பின்னுக்குத் திருப்பக் கூடாது. முந்தி ஓடினால் ஊசலை நிறுத்திவிட்டு அரைமணி காத்திருந்து, பிறகு ஆட்டிவிட வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரிந்த விசயம். எத்தனை பேரை இதற்காக ஸரூக்கே ஏசியிருக்கிறான்! ஆனால் அன்றைக்கு நனைந்த சாரம் காலில் ஒட்ட, அலுமாரி போன வயிற்றெரிச்சலில், அரைமணி காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. பெரிய முள்ளில் விரலை வைத்துப் பின்னுக்குத் தள்ளினான். உள்ளே எதுவோ கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு இளகிக் கொடுத்தது. ஈரச் சாக்கின் வாடை ஒன்று பெட்டிக்குள்ளிருந்து வந்து மூக்கில் ஏறியது.

அதற்கு மறுநாள்தான் குளியலறைக் கதவு. அதற்கும் மறுநாள் ஜெனீராவின் செருப்புச் சத்தம். ஜெனீரா ஹம்ஸியாவின் ராத்தா. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ளத் தினமும் வந்து போகிறவள். செருப்பை உதறும் சத்தமும் குடை மடக்கும் சத்தமும் வாசலில் கேட்க, ஸரூக் எட்டிப் பார்த்தான். ஆளில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டான். சரியாய் அரைமணி கழித்து ஜெனீரா வந்து செருப்பை உதறினாள்.

முதலில் அது ஒரு விளையாட்டுப் போலக்கூட இருந்தது. கேத்திலை முன்கூட்டியே அடுப்பில் வைத்துவிட்டு, உன் ராத்தா வரப்போகிறாள் பார் என்பான். அவள் வந்து நிற்பாள். வியாபாரத்தை விட்டுவிட்டுச் சாத்திரம் பார்க்கலாமே என்று ஹம்ஸியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! மூன்று பிள்ளைகள் உருவாகி மூன்றும் கலைந்து, நாலாவதாய்த் தங்கியது இது. இதுவும் போனால் அவளும் போய்விடுவாள் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் வெளியே கூப்பிட்டு அவனிடம் மட்டும் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு அவன் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது.

ஒரு கிழமையில் விளையாட்டு முடிந்தது. சத்தங்களுக்கு நடுவே வேறு சத்தம் வரத் தொடங்கியது. நிறையப் பேர் செருப்பில்லாத காலை ஈர மண்ணில் மாற்றி மாற்றி வைக்கும் சத்தம். அடக்கி அடக்கி இருமும் சத்தம். தூரத்தில் யாரோ சலிப்போடு பெயர் பெயராய் வாசித்துக்கொண்டு போவதும், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முனகல் பதிலாய் வருவதும். கடையில் வார்னிஷ் மணத்தையும் மீறிக் கம்பளி நனைந்த வாடை. ஹம்ஸியாவுக்கு எதுவும் கேட்கவில்லை, எதுவும் மணக்கவுமில்லை. காதைப் போய்க் காட்டுங்கள் என்றாள்.

அவன் மணிக்கூட்டோடு மல்லுக்கு நின்றான். முள்ளை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தான். ஊசலை நிறுத்தினான். ஊசலைக் கழற்றி, பாரக் கட்டைகளையும் கழற்றி, கொல்லைக்குக் கொண்டுபோய் மழையில் போட்டான். மணிக்கூடு செத்துப்போய் நின்றது. சத்தம் நிற்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் எங்காவது தள்ளலாமென்றால் நாலு ஆள் வேண்டும். மழைக்குப் பயந்து ஒருத்தனும் வரவில்லை. வருகிறேன் என்றவன் வரவில்லை. வந்தவன் கனத்தைப் பார்த்துவிட்டு நாளைக்கு என்று போனான். ச்சீ என்றாகிவிட்டது அவனுக்கு.

புதன்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனான். இராக்கம்மா லயத்து வீட்டு வாசலில் கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். முள்ளைப் பின்னுக்குத் திருப்பியதை அவன் சொன்னதும் அவள் கை ஓய்ந்தது. மெதுவாய்த்தான் சொன்னாள். ஆபீஸ் மணிக்கூட்டில் ஆறு அடித்தால் பெரட்டு. எல்லாரும் வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். அப்போது உண்மையில் மணி ஐந்தரை. ஒருநாள் அவள் புருசன் வரிசையில் நின்றபடியே விழுந்து செத்தான். நட்டஈட்டுப் பணம் கேட்டுப் போனபோது மட்டும் துரை தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். வேலை நேரம் தொடங்கவில்லை, அவன் தோட்டத்து வேலையில் இல்லை என்றாராம்.

“அந்த அரமணி யாரு நேரமுமில்லைங்க, மொதலாளி” என்றாள் இராக்கம்மா. “அதுல நிக்கிறவங்கள எங்கயும் எழுத மாட்டாங்க. வீட்டுலயும் இல்ல, வேலையிலயும் இல்ல. நீங்க ஏன் அதுக்குள்ள கைய வச்சீங்க?”

சரி, இப்போது என்ன செய்வது என்று கேட்டான். அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் புருசனையே கூட்டிக்கொண்டு வந்திருப்பேனே என்றாள். போகவர நாலு மணி நேரம், பஸ்ஸில் நெரிபட்டு, மிஞ்சியது இந்தப் பதில்தான். அவளைத் திட்டவும் முடியாமல், தன்னைத் திட்டியும் ஆறாமல் திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை ஜெனீரா பண்டாரவளைக்குப் போனாள். ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துவிடுவேன், ஆளை எழும்ப விடாதீங்க மச்சான் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஸரூக் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்ததும் கடைப் பலகைகளை அடைத்துவிட்டான். மழை தூறலாகி, தூறல் மூடுபனியாகி, பலகை இடுக்குகள் வழியே உள்ளே வந்தது. ஹம்ஸியா உள்ளறையில் தூங்கினாள். அவன் கடையில் உட்கார்ந்து தகரக் கூரையிலிருந்து பீலியில் நீர் சொட்டுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளறைக் கட்டில் கிறீச்சிட்டது.

“இஞ்சாருங்க.”

ஹம்ஸியாவின் குரல். தூக்கக் கலக்கக் குரல்.

“இஞ்சாருங்க... வலிக்குது.”

எழும்பி ஓடினான். அவள் ஒருக்களித்துப் படுத்து, வாய் லேசாய்த் திறந்து, நல்ல தூக்கத்தில் இருந்தாள். அவள் குரல் மட்டும் அவனைத் தாண்டி நடந்தது. சுவரைத் தடவும் வளையல் சத்தம். எங்க ஈக்கிறீங்க என்று ஒரு கூப்பிடல். பிறகு பயந்த கூப்பிடல். வீட்டிலிருந்து கடைக்கு இறங்கும் மூன்று சீமெந்துப் படியருகே வந்து நின்று, அழுதுகொண்டே ஒரு கூப்பிடல். எதற்கும் பதில் இல்லை. அவனுடைய குரல் எங்கேயும் இல்லை. பிறகு படியில் கனமாய் ஒரு விழுகை. வளையல் உடைந்தது. பிறகு முனகல், வெகுநேரம்.

அவனுக்கு அரைமணி நேரம் இருந்தது. கார் பிடிக்க ஓடலாம். ஆனால் இந்த மழையில் கார் கிடைக்காமல் அலைந்தால், அவள் கூப்பிடும்போது வீட்டில் இருக்க மாட்டான். அதுதானே காதில் விழுந்தது, பதிலில்லாத கூப்பிடல். அந்தப் பிழையைச் செய்ய அவன் என்ன மடையனா? போக மாட்டான். ஒரு அடி நகர மாட்டான். முதல் கூப்பிடலுக்கே போய்ப் பிடித்துக்கொள்வான். அவளைத் தட்டி எழுப்பிச் சொன்னான்.

“நீ எழும்ப வேணாம். நான் படிக்கிட்டதான் ஈக்கிறேன். வலிச்சா கூப்பிடு, போதும்.”

ம் என்றாள், கண் திறக்காமல். அவன் கதிரையை இழுத்து, விழுகை கேட்ட இடத்திலேயே, மேல்படியில் போட்டு, உள்ளறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தான். கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டான். ஐந்து பத்து. ஐந்து பதினைந்து. ஊசலில்லாத மணிக்கூடு முதுகுக்குப் பின்னால் நின்றது. கம்பளி வாடை கூடிக்கொண்டே வந்தது. பின்பக்கம் கால்கள் மாறி மாறி மண்ணை மிதித்தன. மாடசாமி. பெரியாயி. ரெங்கம்மா. பெயர்கள் வாசிக்கப்பட்டுக்கொண்டே போயின. திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. கதவை மட்டும் பார். கதவை மட்டும்.

ஐந்து இருபத்தைந்து. கட்டில் கிறீச்சிட்டது.

“இஞ்சாருங்க.”

“இந்தா ஈக்கிறேன்” என்று எழும்பினான்.

கால் சீமெந்தில் படவில்லை. குளிர்ந்த மண்ணில் பட்டது. கணுக்கால் வரை ஈரம்.

“இஞ்சாருங்க... வலிக்குது.”

“வந்துட்டேன் ஹம்ஸியா. அங்கேயே இரு.”

அவள் கதவுக்கு வந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றின் அடியில். நேரே அவனைப் பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவனுக்குப் பின்னால் இருக்கும் எதையோ தேடுவது போலக் கண்ணைச் சுருக்கினாள்.

“எங்க ஈக்கிறீங்க?”

கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். இங்கேதான். இங்கேதான் இருக்கிறேன். உன் முன்னால். அவள் வெறுங்கதிரையைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கையின் சூடு விரலில் பட்டிருக்க வேண்டும். அவள் அழத் தொடங்கினாள்.

கையை நீட்டினான். ஒரு முழத் தூரம்தான். கால் வரவில்லை. இடப்பக்கம் ஒரு தோள் அவன் தோளில் இடித்துக்கொண்டு நின்றது. வலப்பக்கம் இன்னொரு தோள். தலையில் சாக்குப் போட்ட ஆண்கள், இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய பெண்கள், மூடுபனிக்குள் கடை முழுக்க, பலகை அடைப்பையும் தாண்டி, தெருவையும் தாண்டி, கண் எட்டும் வரைக்கும் வரிசை. எல்லார் முகமும் முன்னால். யாரும் இமைக்கவில்லை. அவன் நிற்கும் இடம் ஒரு ஆள் அளவுக்குச் சரியாய் இருந்தது.

ஹம்ஸியா படியில் காலை வைத்தாள்.

வேண்டாம் என்றான்.

அவள் விழுந்தாள். அவன் நீட்டிய கைக்குக் கீழே, வெறும் சீமெந்தில். வளையல் துண்டுகள் தெறித்து அவன் பாதத்தருகே மண்ணில் விழுந்தன. இரத்தம் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு மெல்ல இறங்கியது. அவள் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டு அவன் பெயரைச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் ஒருநாளும் சொல்லாத பெயர். ஸரூக். ஸரூக். குரல் ஒவ்வொன்றுக்கும் சின்னதாகிக்கொண்டே போனது.

ஒவ்வொன்றுக்கும் அவன் பதில் சொன்னான். பக்கத்தில் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். வரிசையில் ஒருவரும் அசையவில்லை.