நூற்று எழுபது டாலர் பிஸ்டல்

சனிக்கிழமை மத்தியானம் நோரீன் ப்ளெவின்ஸ் துப்பாக்கிப் பட்டறைக்குள் நுழைந்தபோது, ஹேசல் டக்கட் ஒரு பழைய வேட்டைத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். நோரீன் ஒரு பிஸ்டலை எடுத்து, அதில் தோட்டா இல்லை என்று திறந்து காட்டிவிட்டு மேசைமேல் வைத்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

"நீ வித்த சாமானை நீயே வெச்சுக்கோடி ஹேசல். என் வீடு போச்சு."

இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதனால் ஹேசல் பதறவில்லை. காபியை ஊற்றி அவள் முன்னால் நகர்த்தினாள். கென்டக்கி மாநிலப் போலீஸில் இருபத்தாறு வருஷம் தோட்டாக்களை ஆராய்ந்துவிட்டு ஓய்வு பெற்றவள் அவள். அழுகிறவர்களைப் பேச விட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

மூலையில் உட்கார்ந்திருந்த டென்னிக்கு அந்தப் பொறுமை கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டும் டென்னி, ஹேசலுடைய கணவரின் தம்பி. சனிக்கிழமை வந்தால் அண்ணி பட்டறைதான் அவனுக்குக் கதி. "அண்ணி, காலையில சுடுற திடல்ல நானும் இருந்தேன்! கண்றாவி!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

விஷயம் இதுதான். நோரீனின் வீடு பள்ளத்தாக்கின் கடைசி வீடு. போலீஸ் வண்டி வந்து சேர நாற்பது நிமிஷம். போன குளிர்காலத்தில் யாரோ களஞ்சியத்துக்குள் புகுந்து மர அறுவை இயந்திரத்தைத் தூக்கிப் போனதிலிருந்து, லெக்சிங்டனில் இருக்கும் மகன் டேரல், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். போன வாரம் நோரீன் ஹேசலிடம் நூற்று எழுபது டாலருக்கு இந்த பிஸ்டலை வாங்கினாள். பார்க்க ஒரு கோடாலித் தலை மாதிரி இருக்கும், கனமும் அப்படித்தான். "மலிவு சாமானை நம்பியா தனியா இருக்கப் போற? சரி, அம்பது தடவை சுடு. ஒரு தடவைகூடத் தோட்டா உள்ள சிக்காம இருந்தா நான் வாயைத் திறக்கல. சிக்கிச்சுன்னா வீட்டை வித்துட்டு என்கூட வந்துடணும்" என்றான் டேரல். நோரீன் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லாதவள்.

"வியாழக்கிழமை உன் கண்ணு முன்னாடி இருநூறு சுட்டேன். ஒண்ணு சிக்கிச்சா? இன்னிக்குப் பதினாறு சுட்டதுல அஞ்சு சிக்கிடுச்சு. டேரல் போதும்னுட்டான். திங்கக்கிழமை வீட்டுத் தரகர் வர்றார்."

ஹேசல் பிஸ்டலைப் பிரித்து ஒவ்வொரு பாகமாக வெளிச்சத்தில் பார்த்தாள். சுருள்வில், கொக்கி, தோட்டா அடுக்கும் மேகசின் எல்லாம் சரியாக இருந்தன.

"தோட்டா என்கிட்ட வாங்கினதா?"

"இல்ல. லெஸ்டர் குடுத்தார். உன்னோடது வீட்டுக்கு இருக்கட்டும், இந்தா புதுப் பெட்டின்னார். ஒன்பது மில்லிமீட்டர்னு பெருசா போட்டிருந்ததை நானே படிச்சேன். பக்கத்துல என்னமோ ஜெர்மன் சொல்லு. கம்பெனி பேரா இருக்கும்."

லெஸ்டர் ஸ்காக்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், மனைவியை இழந்தவர். இரண்டாயிரம் டாலருக்குக் குறைந்த எதையும் துப்பாக்கி என்று மதிக்காதவர். நோரீன் வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் போன் போவது அவருக்குத்தான்.

"மீதித் தோட்டா?"

"அவரே பெட்டியோட எடுத்துட்டுப் போயிட்டார்."

டென்னி துள்ளி எழுந்தான். "மகன்தான் அண்ணி! வீட்டை விக்கணும்னு துடிக்கிறவன் அவன். துப்பாக்கிக்குள்ள எதையாவது திணிச்சிருப்பான்!"

"டேரலுக்குத் துப்பாக்கியில முன்பக்கம் எதுன்னே சந்தேகம்" என்றாள் ஹேசல். "நீ அங்க இருந்தியே. சுட்டதும் வெளியே விழுந்த பித்தளைக் கூடுகளை யார் பொறுக்கினா?"

டென்னி யோசித்தான். "லெஸ்டர் ரெண்டாம் மேசையில சுட்டார். அவரோட கூடுகளைப் பொறுக்கிக்கிட்டார். நோரீன் மூணாம் மேசை. அங்க யாரும் பொறுக்கல."

"லெஸ்டர்கூடப் பொறுக்கலையா?"

"அவரும் பொறுக்கல. என்ன அண்ணி, குப்பை பொறுக்கறதுக்கா நம்மகிட்ட கேஸ் வந்திருக்கு?"

ஹேசல் வண்டிச் சாவியை எடுத்தாள். துப்பாக்கி சுடும் திடலில் அரை மணி நேரம் சரளைக் கல்லில் மண்டியிட்டுத் தேடினார்கள். மூன்றாம் மேசையடியில் பதினாறு கூடுகளும் கிடைத்தன. ஹேசல் ஒன்றை எடுத்துக் கண்ணுக்கருகே பிடித்தாள். பிறகு திருப்தியோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் எல்லோரையும் அதே திடலுக்கு வரச்சொன்னாள். டேரல் தரகர் கொடுத்த படிவத்தோடு வந்தான். லெஸ்டர் புது பூட்ஸ் போட்டு வந்திருந்தார். ஹேசல் மேசைமேல் இரண்டு பித்தளைக் கூடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்று மற்றதைவிட ஓர் ஐந்து சென்ட் நாணயத்தின் தடிமன் அளவு குட்டை.

"உசரமானது வியாழக்கிழமை சுட்டது. குட்டையானது நேத்திக்கு. ரெண்டுக்கும் குண்டோட பருமன் ஒண்ணுதான். ஆனா குட்டையில வெடிமருந்து கம்மி. இந்தப் பிஸ்டலோட கனமான மேல்பாகத்தைப் பின்னால தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்துற பலம் அதுக்குக் கிடையாது. நோரீன் பார்த்த ஜெர்மன் சொல்லு 'குர்ட்ஸ்'. கம்பெனி பேரில்ல. 'குட்டை'ன்னு அர்த்தம்."

டேரல் தோளைக் குலுக்கினான். "அப்போ பெட்டியைப் பார்த்து யார் வேணா ஏமாந்திருப்பாங்களே? லெஸ்டரும் தெரியாமத்தானே குடுத்திருப்பார்?"

"அப்படித்தான் இருக்கும்னு நான் ஆசைப்பட்டேன்" என்றாள் ஹேசல். "ஆனா லெஸ்டர் சுட்ட கூட்டுல மறுபடி மருந்து போட்டு வீட்டுலயே தோட்டா நிரப்புறவர். ஒன்பது மில்லிமீட்டர் கூடுன்னா அவருக்கு உசிரு. அடுத்தவன் சுட்ட கூடு ஆறுறதுக்குள்ள அவர் பையில இருக்கும். இல்லையா டென்னி?"

"ஐயோ, ஆமா! போன மாசம் என் பூட்ஸுக்கு அடியிலேருந்துகூட ஒண்ணை உருவினார்!"

"நேத்து பக்கத்து மேசையடியில பதினாறு கூடு பளபளன்னு கிடந்தது. அவர் குனியவேயில்ல. அது தனக்கு உதவாத குட்டைக் கூடுன்னு எடுக்காமலே தெரிஞ்சவர்தான் அப்படிப் போவார். பெட்டியைக் கவனமா எடுத்துக்கிட்டுப் போனவருக்கு, கூட்டைக் கவனிக்கத் தோணல. பழக்கம் காட்டிக் குடுத்துடுச்சு, லெஸ்டர்."

லெஸ்டர் தொப்பியைக் கழற்றினார். மறுத்துப் பேசவில்லை, அந்த மட்டுக்கு மனுஷர்தான்.

"காட்டுலேருந்து ரக்கூன் வந்து குப்பைத் தொட்டியை உருட்டினாக்கூட எனக்குத்தான் போன் வரும்" என்றார் நோரீனைப் பார்க்காமல். "வந்து பார்த்துட்டு, ஒரு காபி குடிச்சிட்டுப் போவேன். இந்தச் சனியன் ஒழுங்கா வேலை செஞ்சா என்னை எதுக்குக் கூப்பிடுவ? மலிவு சாமான்னு வெறுத்துத் தூக்கிப் போட்டுடுவன்னு நினைச்சேன். நீ வீட்டையே பணயம் வெச்சிருந்தது சத்தியமா தெரியாது. டேரல் சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. அப்போ நாக்கு ஒட்டிக்கிச்சு."

"ஒட்டிக்கிச்சா?" நோரீன் அவர் எதிரே போய் நின்றாள். "ராத்திரி பூரா ஒவ்வொரு அறையா நின்னு பார்த்து அழுதேன். குதிரை கீழ தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையா இருக்கே! நல்லா இருப்பீங்களா?"

அவர் தலை கவிழ்ந்தே இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தாலும் யாரும் அவருக்குப் பரிந்து பேசவில்லை.

ஹேசல் சரியான தோட்டாப் பெட்டியை நீட்டினாள். "இப்போ சுடு. டேரல், நீயே எண்ணு."

எல்லோரும் காதுகளை மூடிக்கொண்டார்கள். நோரீன் நிதானமாகச் சுட்டாள். பத்து, இருபது, முப்பது. நாற்பதுக்கு மேல் டென்னியும் சேர்ந்து எண்ணத் தொடங்கினான். நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பதாவது கூடும் துள்ளிச் சரளையில் விழுந்தது. பிஸ்டல் ஒரு முறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

டேரல் தரகரின் படிவத்தை நான்காகக் கிழித்தான். "அப்போ மலிவா இருந்தாலும் நல்ல துப்பாக்கிதானா?" என்று ஹேசலைக் கேட்டான்.

"மலிவுல குப்பையும் இருக்கு, இது மாதிரியும் இருக்கு. அழகில்ல, கனம், தூரமா குறி வைக்க லாயக்கில்ல. ஆனா விலையைப் பார்த்து நம்பாதே, விலையைப் பார்த்துத் திட்டவும் திட்டாதே. இருநூறு சுட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணு. ரெண்டாயிரம் டாலர் துப்பாக்கிக்கும் அதே சட்டம்தான்."

நோரீன் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அவள் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது, வரவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இதோ பாருங்க லெஸ்டர். இனிமே சத்தம் கேட்டா உங்களைக் கூப்பிட மாட்டேன். நானே பார்த்துப்பேன்."

லெஸ்டர் தலையாட்டினார்.

"காபி குடிக்கறதுக்கு ரக்கூன் வந்து எதையும் உருட்டணும்னு இல்ல, நேரா வந்து கதவைத் தட்டலாம். ஆனா ஒரு மாசம் கழிச்சு. இப்ப நான் கோவமா இருக்கேன்."

அவளும் டேரலும் வண்டியில் ஏறி மலைப்பாதையில் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். தூசி அடங்கும்வரை லெஸ்டர் அங்கேயே நின்றார். பிறகு மெல்ல டென்னியின் பக்கம் சாய்ந்தார்.

"ஏம்ப்பா, இந்த மாசத்துக்கு முப்பது நாளா, முப்பத்தொண்ணா?"