மூடுபனியில் சுற்றிய மின்விசிறி

தலைச்சோலைப் பள்ளியில் அன்று அறிவியல் கண்காட்சி. பெற்றோர் பதினொரு மணிக்கு வருவார்கள். ஒன்பதே காலுக்கு, ஆறாம் வகுப்பு மாணவி சக்தியின் முழங்கை பட்டு மேசையிலிருந்த பாட்டில் கவிழ்ந்தது. தண்ணீர் முழுவதும் தரையில் ஓடியது.

அது சாதாரணத் தண்ணீர் இல்லை. ஆறாம் வகுப்பின் ஹைட்ரஜன் மாதிரிக்காகப் புஷ்பலதா டீச்சர் சேலத்திலிருந்து வாங்கி வந்த காய்ச்சி வடித்த நீர்.

மாதிரி சின்னதுதான். சூரியத் தகட்டில் வெயில் பட்டால் மின்சாரம் வரும். அது தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை ஒரு குழாயிலும் ஆக்ஸிஜனை இன்னொரு குழாயிலும் சேர்த்து வைக்கும். எரிபொருள் மின்கலத்துக்குள் அவை இரண்டும் மறுபடி சேரும்போது மின்சாரம் உண்டாகி, குட்டி மின்விசிறி சுற்றும். புகையே வராது. தண்ணீர்தான் மிஞ்சும்.

"பைப்புத் தண்ணி புடிச்சு வெச்சிரலாமா?" என்றாள் சக்தி மெதுவாக. "யாருக்கும் தெரியாது."

"மின்கலத்துக்குத் தெரிஞ்சிரும்" என்றாள் அவளோடு படிக்கும் ஃபெபி. "உப்பு சேந்தா அது கெட்டே போயிரும்."

சக்தியின் கண்கள் நிறைந்தன. "நான் இனிமே இதத் தொடவே மாட்டேன்."

"நீ தொடாம எப்படி? குழாய் மாட்ட உன் கைதான் சரி. நான் மாட்டுனா நாலு தடவை கழண்டு விழும்."

சக்திக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. இருவரும் தரையைத் துடைத்தார்கள். துடைக்கும்போதே ஃபெபிக்கு ஒன்று தோன்றியது. டீச்சரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, எதிரே இருந்த எஸ்டேட் ஷெட்டுக்குச் சக்தியோடு ஓடினாள். ஃபெபியின் அப்பா ஜெப்சன் அங்கே ஜீப் டிரைவர்.

"அப்பா, பேட்டரிக்கு ஊத்துவீங்களே, அந்தத் தண்ணி இருக்குதா?"

"ஏங்கண்ணு, உங்க பள்ளிக்கூடம் ஸ்டார்ட் ஆகலையா?"

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அலமாரியைத் திறந்தார். "நீங்க கை வெக்காதீங்க, பக்கத்துல ஆசிட் இருக்குது" என்று, பிரிக்காத பாட்டில் ஒன்றை எடுத்து லேபிளைப் படித்துப் பார்த்துக் கொடுத்தார்.

பள்ளிக்குத் திரும்பியதும், பாட்டிலைக் கவிழ்த்தது தான்தான் என்று சக்தியே டீச்சரிடம் சொன்னாள். டீச்சரும் லேபிளைப் படித்தார். "டீசல் ஜீப்பு ஹைட்ரஜனுக்கு ஒத்தாசை பண்ணுது. நல்ல மனசுதான்" என்றார்.

ஃபெபி ஜன்னலைப் பார்த்தாள். சேர்வராயன் மலைப்பக்கம் மூடுபனி வெள்ளையாகத் திரண்டுகொண்டிருந்தது.

"டீச்சர், எல்லாரும் வர்ற வரைக்கும் காத்திருந்தா வெயில் போயிருமுங்க. இப்பவே ஹைட்ரஜனைச் சேத்து வெச்சிரலாங்களா?"

டீச்சர் சரி என்றதும் சக்தி புதுத் தண்ணீரை ஊற்றிக் குழாயை மாட்டினாள். வெயிலில் வைத்ததும் தண்ணீருக்குள் குமிழிகள் ஏறின. பத்தரைக்குள் ஹைட்ரஜன் குழாய் நிரம்பியது.

பதினொரு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். கூடவே மூடுபனியும் வந்தது. பள்ளி மைதானமே மறைந்துபோனது.

"வெயிலே இல்லியே சாமி, இதெங்க சுத்தப்போகுது?" என்றார் காப்பித் தோட்டக்காரர் மாதேஸ்வரன்.

சக்தி ஒயரை இணைத்தாள். மின்விசிறி ஒரு தரம் தயங்கி, பிறகு விர்ரென்று சுற்றியது.

மாதேஸ்வரன் குனிந்து முகத்தில் காற்று வாங்கினார். "மழைக்காலத்துல எங்க ஊட்டுல நொம்ப நேரம் கரண்டே இருக்கறதில்ல. இத வெச்சு லைட்டு எரியுமா?"

ஃபெபி மாதிரியைக் காட்டினாள். "இதுல எரியாதுங்க. பெருசா செஞ்சா எரியும். ஆனா வெயில்ல கெடைச்ச மின்சாரத்துல பாதிக்கு மேல இப்படி மாத்தி மாத்தியே வீணாப்போயிருது. செலவும் அதிகமுங்க. அதக் கொறைக்க நெறையப் பேரு பாடுபடறாங்க."

"நானும் அதுக்குப் பாடுபடுவேனுங்க" என்றாள் சக்தி. சொன்ன பிறகுதான் அவளுக்கு வெட்கம் வந்தது.

சேர்த்த ஹைட்ரஜன் தீர்ந்ததும் மின்விசிறி மெல்ல ஓய்ந்து நின்றது.

"இன்னொருக்கா சுத்துமா கண்ணு?"

"வெயில் வரணுங்க. உங்க பஸ் போயிருமுங்களே?"

"அடுத்த பஸ்ஸு வரும்" என்ற மாதேஸ்வரன், பெஞ்சை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.