எறும்பு ஏறிய கைக்கடிகாரம்

"இது அவரோட கடியாரமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்."

துணி முடிப்பை மேசைமேல் வைத்துவிட்டு அன்னக்கொடி நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து, கரிப்புகை கக்கும் பஸ்ஸில் தனியாக மதுரைக்கு வந்திருந்தாள். 1945, ஆவணி மாதம். சண்டை முடிந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அவளுக்கு மட்டும் ஒன்றும் முடியவில்லை.

ஞானசீலன் போலீஸில் இருபத்தெட்டு வருஷம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவார். அவர் சிநேகிதர் அழகுமலை அதற்கு நேர் எதிர். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர், மருந்து கலக்கிய நேரம் போக மீதி நேரமெல்லாம் தாம் துப்புத் துலக்கப் பிறந்தவர் என்று மனுஷருக்கு ஒரு நினைப்பு.

"விவரமாச் சொல்லும்மா" என்றார் ஞானசீலன்.

அவள் கணவன் நல்லகாமன் பட்டாளத்தில் சேர்ந்து மூன்று வருஷம். பர்மாவுக்குப் போனான். பிறகு கடிதமில்லை, 'காணவில்லை' என்று சர்க்கார் காகிதம்தான் வந்தது. போன மாதம் அவன் கூட்டாளி, பரவையைச் சேர்ந்த மரியராஜ், திரும்பி வந்து நல்லகாமன் செத்துப்போனதாகச் சொன்னான். மாமியார் ஒச்சாயி நம்பவில்லை.

"'எம் மகன் கையில கடியாரம் கட்டிட்டுல்ல போனான்? அதக் கொண்டா, நம்புறேன்'னு வெரட்டிவிட்டாங்க. பத்து நாள் கழிச்சு இதக் கொண்டாந்து குடுத்தாரு. ஆத்தங்கரையில கெடந்த ஒடம்புல இருந்து எடுத்ததாம். பங்காளிக கூடிப் பேசிட்டாங்கய்யா. வர்ற வெயாழக்கெழம என் தாலியக் கழட்டணுமாம்."

அன்று செவ்வாய்க்கிழமை.

ஞானசீலன் முடிப்பை அவிழ்த்தார். வட்டமான கைக்கடிகாரம். கண்ணாடியிலும் உலோகத்திலும் கீறல்கள், முகப்பு பழுப்பேறிக் கிடந்தது. தோல்வார் மழையில் மக்கிவிட்டதாம். அதற்குப் பதில் ஒரு பழைய கறுப்புக் கயிறு நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது.

"அம்புட்டும் பர்மா மழைண்ணே! பாத்தாலே தெரியுது" என்றார் அழகுமலை. கண்ணாடி ஓரத்தில் ஊர்ந்த எறும்பு ஒன்றைச் சுண்டிவிட்டார். சற்று நேரத்தில் இன்னும் இரண்டு வந்தன. அவற்றையும் சுண்டினார்.

ஞானசீலன் பேனாக்கத்தியால் பின்மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே சக்கரங்கள் பளபளத்தன. மூடிவிட்டுக் கயிற்றின் நுனியை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். முகம் இருண்டது.

"நாளைக்கு நாங்க வாரோம். மரியராஜுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டு வை."

"அவரோடதா இல்லையாய்யா?"

"இல்ல. இது உம் புருஷன் கடியாரம் இல்ல."

அன்னக்கொடி அப்போதுதான் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "தெரியும்யா! எனக்குத் தெரியும்! அவரு இருக்காரு!"

"நான் கடியாரத்தப் பத்தி மட்டுந்தான் சொன்னேம்மா" என்றார் ஞானசீலன். அது அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலை ஒச்சாயி வீட்டு முற்றத்தில் நாலைந்து பங்காளிகள் கூடியிருந்தார்கள். மரியராஜ் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து ஓரமாக நின்றான். ஞானசீலன் கடிகாரத்தைக் கையில் எடுத்தார்.

"கைக்கடியாரத்துல சீக்கிரம் வழுவழுன்னு ஆவுறது பின்பக்கம். ராத்திரி பகலா தோலுல உரசிக்கிட்டே கெடக்கும்ல? இதுல முன்பக்கத்துக்குச் சரியாப் பின்பக்கமும் கீறியிருக்கு. கீறல் எல்லாம் ஒரே வாக்குல ஓடுது. யாரோ உக்காந்து தேச்சிருக்காங்க."

"செங்கப்பொடி!" என்று அழகுமலை குறுக்கே விழுந்தார்.

"ஆத்துத் தண்ணியில நனைஞ்ச கடியாரம்னா உள்ள துரு இருக்கணும். இங்க எண்ணெய்கூடக் காயல. கடைசியா அந்த எறும்பு. பழுப்பேறுன கடியாரத்துக்கிட்ட எறும்புக்கு என்ன சோலி? நம்ம ஊர் டீக்கடையில டீ வாங்குனா சீனி போட்டுத்தான் குடுப்பான். சாயம் ஏத்த அதத் தொட்டு முகப்புல தடவியிருக்கே. இல்லியா மரியராஜ்?"

மரியராஜ் தலைகுனிந்தான். "ஆமாங்கய்யா. புதுசு வாங்கி நாந்தான் பழசாக்குனேன்."

"அடப் பாவி மட்டை! நீ வெளங்குவியாடா?" ஒச்சாயி எழுந்தே விட்டாள். "உசுரோட இருக்கிற எம் மகனக் கொல்லவா கடியாரம் செஞ்சுகிட்டு வந்தே? ஏத்தா அன்னக்கொடி, கேட்டியா? எம் மகன் வருவான்டி!"

அழகுமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் ஞானசீலன் உட்காரவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார். "கடியாரத்துல எல்லாமே கையால செஞ்ச பழசு. இந்தக் கயிறு மட்டும் அப்படி இல்ல. இது வேர்வையில ஊறி ஊறிப் பழசானது. இத எவனும் அவுக்கல. அறுத்திருக்கான். ஒரே வெட்டு."

கயிற்றை மெதுவாகக் கடிகாரத்திலிருந்து பிரித்தார். பிரியப் பிரிய நீண்டுகொண்டே வந்தது. ஒரு ஆணின் இடுப்பைச் சுற்றும் நீளம். உள்மடிப்பில் வெயில் படாத இடத்தில் கறுப்போடு முறுக்கிய சிவப்பு இழை ஒன்று தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று முடிச்சுகள்.

அன்னக்கொடி பார்த்தாள். அவன் பட்டாளத்துக்குப் போன காலையில், கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு அவளே முறுக்கி, அவளே முடிச்சிட்டு, அவன் இடுப்பில் கட்டிவிட்ட அரைஞாண் கயிறு அது.

ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நாழிகைகூட வெறுமையாக இருக்கக்கூடாது. புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதை எடுப்பார்கள். ஒரே ஒரு தரம்தான் அறுத்தெடுப்பார்கள், மண்ணுக்குள் வைக்கும் முன்பு. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"எத்தனை பிரேத விசாரணை எழுதியிருக்கேன், எனக்கும் தெரியும்" என்றார் ஞானசீலன். "மரியராஜ், நீயே சொல்லு."

"பரிசல்ல ஆத்தக் கடக்கயில குண்டு விழுந்துச்சு ஆத்தா." மரியராஜ் தரையைப் பார்த்தே பேசினான். "மறுநா கரையில கெடந்தான். கையில கடியாரம் இல்ல, ஆத்தோட போயிருச்சு. கூட இருந்த ஒருத்தன், 'உங்க வழக்கத்துல இல்லன்னாலும் பரவால்ல, அவன அரைஞாணோட பொதைச்சுறாத'ன்னான். நாந்தான் பிளேடால அறுத்தேன். தூக்கிப் போட மனசு வரல, பையில வச்சுக்கிட்டேன்."

"அத மொதல்லயே காட்டியிருக்கலாம்லடா?" என்றார் அழகுமலை.

"சாவுல அறுத்தத வீட்டுக்குள்ள கொண்டாரலாமான்னு தெரியலண்ணே. எங்க வீட்டுல இந்த வழக்கம் இல்ல. ஆத்தா கடியாரந்தான கேட்டாங்க? கடியாரத்தப் பாத்தாத்தான் நம்புவாங்கன்னு நெனச்சேன். பொய்க்குள்ள ஒரு நெசமாச்சும் இருக்கட்டும்னுதான் இதச் சுத்துனேன்."

ஒச்சாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாந்தாண்டா கேட்டேன்" என்றாள். "பாவி மக, நாந்தான் கேட்டேன்." மரியராஜின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அழகுமலை ஞானசீலனின் காதருகே குனிந்தார். "நேத்தே தெரியுமாண்ணே?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்ப அந்தப் புள்ளையச் சிரிக்க விட்டு அனுப்புனீங்களே!"

ஞானசீலன் கயிறு பிரித்த கடிகாரத்தைத் துணியில் வைத்து முடிந்தார். கடிகாரத்தைப் பற்றி மட்டும் சொன்னேன் என்ற சமாதானம் நேற்றிரவே அவருக்குப் போதவில்லை.

அன்னக்கொடி கயிற்றை வாங்கிக் கண்ணில் ஒற்றி மடியில் முடிந்துகொண்டாள். தாலிக்கொடியைப் பிடித்திருந்த அவள் கையை ஒச்சாயி எட்டிப் பிடித்தாள்.

"இன்னைக்கு வேணாம்த்தா. வெயாழக்கெழமதான சொல்லியிருக்காக? இன்னும் ஒரு நா போட்டுக்க. எனக்காகப் போட்டுக்கடி."

"வேணாம் அத்தை" என்றாள் அன்னக்கொடி. "மூணு வருசம் போட்டுப் பாத்தாச்சு."