வெளியே வர வேண்டாம்

அறிவிப்பு ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது.

பரண்மேல் அரிசி டின்னை ஏற்றிக்கொண்டிருந்த கிருபா, கையை அப்படியே நிறுத்திக் காது கொடுத்தாள். குரல் அவள் கணவன் ஜெபசீலனுடையது. அதில் சந்தேகமே இல்லை. ஆம்பூரில் பாதிக் கல்யாணங்களுக்கும் எல்லாத் தேர்தலுக்கும் மைக் செட் கட்டுகிற ஆள். பன்னிரண்டு வருடமாக அந்தக் குரலோடு குடித்தனம் நடத்துகிறாள். ஆனால் தெரு அந்தப் பக்கம் முடிந்துவிடுகிறது. கடைசி வீட்டைத் தாண்டினால் தோல் பதனிடும் ஷாப்பின் மதில், மதிலைத் தாண்டினால் பாலாறு. அங்கிருந்து ஓர் ஆட்டோ வருவதற்கு வழியே கிடையாது.

திருப்ப இடம் தேடி மதில் வரைக்கும் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

காலை ஒன்பது மணிக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து அவரைக் கூட்டிப்போனார்கள். கவுஸ் பாஷாவின் ஆட்டோவில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்களையும் கட்டிவிட்டு, வாசலில் நின்றபடியே அவர்கள் கொடுத்த தாளை அவளுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினார். மேலே ஏரிகள் நிரம்பிவிட்டன, கரையோரம் இருப்பவர்கள் உடனே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றிருந்தது. "சர்ட்டிபிகேட்டெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வை. தெருவுல நம்ம சத்தம் கேட்டதும் கெளம்பிடு, இன்னா?" என்றார். ஷூ கம்பெனி மழைக்காக லீவு விட்டிருந்ததால் அவளுக்கும் நேரமிருந்தது. குடிதண்ணீரைப் பிடித்து மூடினாள், தீப்பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் சுருட்டிக் கட்டினாள், மெயினை அணைத்தாள், பையைக் கதவருகே வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தெருவில் சத்தம் கேட்டது. ஆனால் தாளில் இருந்தது அதுவல்ல.

"பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. யாரும் வீட்டை விட்டு வெளியே வர வேண்டாம். கதவுகளைச் சாத்தித் தாழிட்டுக்கொள்ளவும்."

எதிர்வீட்டு வஹீதா இரண்டு பிள்ளைகளையும் கோணியால் போர்த்திக்கொண்டு அப்போதே வாசலில் நின்றிருந்தாள். கணவன் சவூதியில். அவள் மழைக்குமேல் கத்திக் கேட்டாள்: "அக்கா! உங்க வூட்டுக்காரரு இன்னா சொல்றாரு? போவணுமா, இருக்கணுமா?"

"இருக்கச் சொல்றாரு!"

"தண்ணி ஜாஸ்தியாவுதே அக்கா!"

"ரோடு மோசமா இருக்கும். அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். உள்ள போ, புள்ளைங்க நனையுது!"

வஹீதா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தெருவில் கிளம்பத் தயாராக நின்ற மற்றவர்களும் கிருபாவின் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அறிவிப்புக்காரரின் பெண்டாட்டியே வீட்டில் இருக்கிறாள் அல்லவா.

இப்போது மணி நாலு. மழை நிற்காமல், வேகமும் மாறாமல், மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. வாசற்படியைத் தாண்டிய தண்ணீர் கதவிடுக்கில் நுரைத்து நுழைந்து, தோல் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டி நாற்றத்தையும் ஊறிய மயிரின் நாற்றத்தையும் கூடவே கொண்டுவந்து, கட்டில் காலைச் சுற்றி மெதுவாக ஏறியது. அந்த வரிசை வீடுகள் எல்லாமே ஒரே அறை, ஒரு சமையல் மூலை, ஒரே ஒரு கதவு. பின்பக்கம் மதில். அடைக்கப்பட்ட ஜன்னலுக்குக் கீழே பாத்திரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மிதந்தன. அந்தச் சின்னச் சத்தம்தான் அவளை அதிகமாக உறுத்தியது. யாரோ அவசரமில்லாமல் சமையல் செய்வதுபோல.

அறிவிப்பு மறுபடி வந்தது. ஏழாவது முறை. அதே சொற்கள், அதே இடத்தில் அதே மூச்சு. இப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. குரல் இருக்கிறது, ஆட்டோவின் சத்தம் இல்லை.

ஷெல்பில் இருந்த போன் அடித்தது.

மைக் செட் தொழிலுக்காக வைத்த போன். முழங்கால் தண்ணீரை உழப்பிக்கொண்டு போய் எடுத்தாள். இரைச்சலுக்குள் ஆட்டோக்காரர் கவுஸ் பாஷாவின் அழுகை.

"அண்ணி... பெரியாஸ்பத்திரிலருந்து பேசறேன் அண்ணி."

"பாஷா? இன்னா ஆச்சு? அவரு எங்க?"

"தரைப்பாலத்துல தண்ணி இழுத்துடுச்சு அண்ணி. வண்டியோட. நான் மரத்தைப் புடிச்சிக்கினேன். அண்ணன் மைக்கை விடல. பேசிக்கினே போய்ட்டாரு அண்ணி."

"எப்ப?"

"பதினோரு மணிக்கே. உங்க தெருவுக்கு நாங்க வரவே இல்ல. நீங்க உடனே மேட்டுக்குப் போய்டுங்க அண்ணி, எல்லாரையும் கூட்டிக்கினு..."

இணைப்பு அறுந்தது.

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றாள். அழுகை வரவில்லை. பதினோரு மணி, பதினோரு மணி என்று உதடுகள் மட்டும் முணுமுணுத்தன. பன்னிரண்டு மணிக்கு அவள் கேட்டது. வஹீதாவைப் பார்த்துக் கத்தியது. உள்ளே போ, புள்ளைங்க நனையுது.

வெளியே, மதில் பக்கத்தில், குரல் தொடங்கியது. "பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு."

அதே நேரத்தில் தெருவின் இந்த முனையிலும் தொடங்கியது. நடுவிலும் தொடங்கியது. ஒரே குரல், ஒரே சொல், வெவ்வேறு இடங்களிலிருந்து, ஒரு நொடிகூடப் பிசகாமல். திருவிழாவுக்குத் தெரு நெடுகக் குழாய் கட்டியிருப்பதுபோல.

"வஹீதா!" என்று கத்தினாள். "வஹீதா, வெளிய வா! மேட்டுக்கு ஓடு!"

மழை அதை விழுங்கிவிட்டது. அறிவிப்பை மட்டும் மழை எதுவும் செய்யவில்லை.

தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. கதவிடம் போய் மேல் தாழ்ப்பாளை நீக்கினாள். நீருக்குள் கைவிட்டுக் கீழ்த் தாழ்ப்பாளையும் நீக்கினாள். இழுத்தாள். கதவு வரவில்லை. சுவரில் காலை ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தாள். அரை விரற்கடை வந்தது. பிறகு, வெளியிலிருந்து யாரோ நிதானமாக அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். வெளி நாதாங்கி விழும் சத்தம் கேட்டது.

"யாரு?"

பலகைக்கு அந்தப் பக்கம் மிக நெருக்கமாக, அறிவிப்பு.

"கதவுகளைச் சாத்தித் தாழிட்டுக்கொள்ளவும்."

"என்னங்க," என்றாள். தன்னையறியாமல்தான் வந்தது. "என்னங்க, நான்தான். கதவைத் தொறங்க."

குரல் நின்றது. தெரு முழுக்க, எல்லா இடத்திலும், ஒரே சமயத்தில். மழை மட்டும். அவள் பலகையில் காதை வைத்தாள். ஈரமான மரம். அந்தப் பக்கம் மூச்சு இல்லை. ஏதோ மணல் சரிவதுபோல ஒரு சன்னமான சத்தம்.

"கிருபா," என்றது குழாய்க் குரல். தாளை வாசிக்கும் குரல் அல்ல; வீட்டில் பேசும் குரல். "உள்ளயே இரு. எங்கயும் போவாத. எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

அவள் பின்வாங்கினாள். தண்ணீர் இடுப்பில். கட்டில் மிதந்து சுவரில் முட்டியது. ஜன்னலைத் திறக்கப் பார்த்தாள். கம்பிக்கு அப்பால் பலகை, காலையில் அவர்தான் காற்று மழைக்குத் தடுப்பாக ஆணியடித்துவிட்டுப் போனார். அரிவாள்மனையால் நெம்பினாள். ஆணி அசையவில்லை. அரிவாள்மனை வழுக்கித் தண்ணீருக்குள் போனது.

எதிர்வீட்டிலிருந்து தட்டும் சத்தம். சின்னக் கைகள் பலகையில் தட்டும் சத்தம். பிறகு பக்கத்து வீட்டிலும். அதற்கடுத்த வீட்டிலும். தெரு முழுக்க உள்ளிருந்து கதவுகள் தட்டப்பட்டன.

பீரோ. பீரோமேல் ஏற வேண்டும். ஏறினாள். முழங்கால் தகரத்தில் கிழிந்தது. கதவுக்குமேல் காற்றுக்கு விட்ட சதுரத் துவாரம். ஒரு தலை மட்டும் நுழையும் அளவு. பரண் விளிம்பைப் பிடித்து எட்டி, முகத்தை அதில் பொருத்தினாள்.

இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சாம்பல் வெளிச்சம்.

தெரு இல்லை. ஆறுதான் இருந்தது. ஆட்டோ இல்லை. குழாய் இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவின் முன்னும் மார்பளவுத் தண்ணீரில் ஓர் ஆள். ஆண்கள், பெண்கள், யூனிபாரம் போட்ட ஒரு பள்ளிப் பெண். இந்தத் தெரு ஆட்கள் அல்ல. மேலே எங்கிருந்தோ ஆறு கொண்டுவந்தவர்கள். வெள்ளம் அவர்களைத் தள்ளவில்லை. அசையாமல் நின்றார்கள். எல்லார் கையும் நாதாங்கிமேல்.

வஹீதாவின் கதவுக்குமேல் இருந்த துவாரத்திலிருந்து நான்கு சிறிய கைகள் வெளியே நீண்டு காற்றைப் பிடித்தன.

கிருபா கீழே பார்த்தாள்.

அவளுடைய கதவோடு ஒட்டி அவர் நின்றார். மேலிருந்து உச்சந்தலை தெரிந்தது. காலையில் அவள் எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை. மைக் வயர் கழுத்தில் இரண்டு சுற்று. அவள் பார்ப்பது தெரிந்ததுபோல முகத்தை மெல்ல மேலே நிமிர்த்தினார். கண் மூடியிருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது, பல்வரிசை தெரியாத அளவுக்கு அதில் ஆற்று மணல் நிரம்பியிருந்தது. மழை விழுந்து அந்த மணலில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன.

உதடுகள் அசையவில்லை. தெரு நெடுக நின்ற எல்லார் வாயிலிருந்தும், தெளிவாக, அன்பாக, அந்தக் குரல் எழுந்தது.

"பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு."