ஒட்டாத நாக்கு

ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தும் லீமாவின் நாக்கு நனையவில்லை. மழையில் நனைந்த வைக்கோல் வாடையும், வர்ண டப்பாவின் நெடியும், சூளைப் பக்கமிருந்து வரும் புகையும் கலந்து தொண்டையை அடைத்துக்கொண்டிருந்த அந்த ஒற்றை அறையில், பத்து மாதக் குழந்தை பிரின்சி பாயில் தூங்க, அதன் பக்கத்தில், அதே அளவில், அதே மாதிரி கையை விரித்தபடி, கோயிலின் கிறிஸ்துமஸ் குடிலுக்குச் செய்த குழந்தை இயேசு கிடந்தது. பீங்கான் பட்டறையில் சுட்டு, மெருகேற்றாமல் கொடுத்த பொம்மை. கண் எழுதி, பெட்டியில் வைக்கோல் வைத்து ஆணியடித்துக் கொடுக்க வேண்டும்.

கண் எழுதக் கை நிற்க வேண்டுமே! பிள்ளை பிறந்தபின் புத்தி தடுமாறியதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு இன்னொரு சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு நாளைக்கு ஒன்று. இரண்டு போட்டால் மனசு லேசானது. நாலு போட்டால் சிரிப்பு வந்தது, நாக்கு வறண்டது. தூக்க மாத்திரைக்குத்தான் மருந்துக் கடையில் ஆயிரம் கேள்வி. இதற்குப் பழைய சீட்டே போதும்.

போன மாதம் பிடிபட்டபோது புருஷன் சகாயராஜ் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயம்.

"இன்னொரு வாட்டி அள்ளிப் போட்டன்னு தெரிஞ்சுது, புள்ளய எங்கம்மா வூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன் லீமா. அப்புறம் நீ கண்ணாலயும் பாக்க முடியாது."

இன்று எட்டு போட்டிருந்தாள். பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் ஷிப்டு முடிந்து நாலு மணிக்கு அவர் வந்துவிடுவார்.

2006 காலண்டர் மேல் எறும்பு ஊர்ந்தது. துடைத்தாள். கையில் ஒன்றுமில்லை. மாத்திரை காட்டும் எறும்பு. பாயைப் பார்த்தாள். இரண்டும் வெள்ளையாக இருந்தன. இரண்டும் மூச்சு விட்டன.

"மாதாவே, இதுல எது என் புள்ள?"

பட்டறைப் பெண்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். மெருகேறாத சுட்ட மண்ணை ஈர நாக்கால் தொட்டால் ஒட்டி இழுக்கும். தொட்டுப் பார்த்துத்தான் தரம் பிரிப்பார்கள். இடப்பக்கம் கிடந்ததன் கன்னத்தைத் தொட்டாள். சற்றுமுன் ஊட்டிய சீனித்தண்ணீர் வழிந்து காய்ந்து பிசுபிசுத்த கன்னம். ஒட்டியது. வலப்பக்கம் கிடந்ததன் கன்னம். வறண்ட நாக்கு வழுக்கிக்கொண்டு போனது. ஒட்டவில்லை.

அப்பாடா! வலப்பக்கம் கிடந்ததை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். மற்றதைப் பெட்டியில் கிடத்தினாள். வைக்கோல். இன்னும் வைக்கோல். பொம்மை அழுதது. காலை உதைத்து, சூடாக அழுதது. மாத்திரை அழுகை. அவர் வருவதற்குள் முடிக்க வேண்டும். மூடி. ஆணி. சுத்தியல்.

பிறகும் வெகுநேரம் அழுகை கேட்டது. பிறகு நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு சகாயராஜ் வந்தார்.

"புள்ள எங்க?"

"மடியிலதாங்க தூங்குது, சத்தம் போடாதீங்க. பாருங்க, என் கை நடுங்குதா? மாத்திரையே போடலங்க. தூக்கிட்டுப் போயிடாதீங்க."

மடியில் கிடந்ததைத் தட்டிக் கொடுத்தாள். டொக், டொக் என்றது.

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லீமாவும் தரையைப் பார்த்தாள். "எறும்பு... உங்களுக்கும் தெரியுதாங்க?"

வாசல் நிலையிலிருந்து இறங்கிய கறுப்பு எறும்புச் சாரை பாயைக் கடந்து, அவள் மடிப் பக்கம் திரும்பாமல், ஆணியடித்த பெட்டியின் இடுக்கில் வரிசையாக நுழைந்துகொண்டிருந்தது.