தாடைக்கட்டு

விருதுநகர் தாண்டி ஒரு மைல் வந்திருக்கும். மனைவி ஹாஜராவின் மடியில் சாய்ந்திருந்த பித்தளைக் கூஜாவை நிமிர்த்தி வைக்கப் போன ஷேக் தாவூதின் கை அப்படியே நின்றுவிட்டது. கூஜாவில் கனமில்லை. விடிகாலையில் தூத்துக்குடியில் பஸ் ஏறும்போது கழுத்துவரை நிரப்பி மூடியைத் திருகியவன் அவன்தான். அதிலிருந்து அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அவளோ முந்தின ராத்திரியே மூச்சடங்கி மவுத்தாகிவிட்டாள்.

ஒழுகியிருக்கும் என்று அடியைத் தடவினான். காய்ந்திருந்தது. அவள் மடியும் காய்ந்துதான் இருந்தது. மூடி திருகினபடி இருந்தது. அட, சரியாக நிரப்பாமல் விட்டிருப்போம், இருந்த இருப்பில் எது நினைப்பில் நின்றது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இருந்த இருப்பு அப்படி. ஊரெங்கும் பேதி. பேதியில் போனவர்களை வண்டியில் அள்ளிக்கொண்டு போய் ஒரே குழியில் தள்ளிச் சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். குளிப்பாட்டுதல் இல்லை, சுற்றி அடக்கக் கபன் துணி இல்லை. அதைக் கேட்ட நாளிலேயே ஹாஜரா அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்: எனக்கு ஒன்று ஆனால் நாகப்பட்டினத்தில் நம் பிள்ளை அடங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். யுத்த காலம், காருக்குப் பெட்ரோல் கிடையாது. ரயிலடியில் டாக்டர் நின்று ஆளாளாய்ப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். கதியற்றவனுக்கு வாய்த்தது பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் இந்த பஸ் ஒன்றுதான். மதுரையில் மாறிவிட்டால் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் பிணத்தை எந்தக் கண்டக்டர் ஏற்றுவான்? உடம்பு விறைப்பதற்குள் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். பக்கத்து வீட்டு மரியம் பீவி கட்டியிருந்த தாடைக்கட்டையும், கால் பெருவிரல் கட்டையும் அவிழ்த்தான். தாடையில் கட்டோடு எந்தப் பொம்பளை பஸ்ஸில் போவாள்? மரியம் பீவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டை அவுக்காதீக தம்பி. கட்டாத வாய் கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்கும்."

அவன் கேட்கவில்லை. இரண்டு துணிக் கிழிசலையும் சட்டைப் பையில் திணித்துக்கொண்டான். வெள்ளைத் துப்பட்டியால் அவளைத் தலையோடு காலாகப் போர்த்தி, குதிரை வண்டியில் பஸ்ஸடிக்குக் கொண்டுவந்துவிட்டான். கண்டக்டர் காசிமாயன் குனிந்து பார்த்தபோது, "பொஞ்சாதிக்குக் காச்சல் தம்பி. தூங்குறா, எழுப்பாதீங்க" என்றான். பொய் சொன்ன வாய் வேம்பாய்க் கசந்தது. காசிமாயன் ஈரமுள்ள மனுஷன். பாவம், சாய்ந்துகொள்ளட்டும் என்று கடைசி பெஞ்சின் ஓரத்தை ஒழித்துக் கொடுத்து, வெயில் அடிக்காமல் அந்தப் பக்கத்துப் படுதாவையும் இறக்கிக் கட்டினான்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால்தான் கரிக் கொப்பரை. சித்திரை மாதத்து அனல் காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வந்து படுதாவில் அறைந்தது. கொப்பரையின் கணகணப்பு முதுகுத் தகரத்தில் ஏறியது. வெந்த கரியின் வாடையும், யாரோ மூட்டையில் வைத்திருந்த கருவாட்டின் வீச்சமும், துப்பட்டியில் அவன் தெளித்திருந்த அத்தரும் ஒன்றாகக் குழைந்து நெஞ்சில் உட்கார்ந்தன. இம்புட்டுக்கும் நடுவே ஒரு சத்தம், சின்னதாக, தொண்டைக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். களக்.

கள்ளிக்குடி வந்ததும், முன் பெஞ்சில் இருந்த பேரையூர்க்காரி ராமக்காள் திரும்பினாள். பருத்தி மூட்டையும் தானுமாக விருதுநகரில் ஏறியவள்.

"ஏய்யா, அப்பயிருந்து ஒம் பொஞ்சாதி தண்ணி கேக்குதே, காதுல விழலையா ஒனக்கு?"

அவனுக்கு உயிரே போய்விட்டது. காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று என்னவோ உளறினான். ராமக்காள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் திருமங்கலத்தில் இறங்கிப் போனாள். முன் பெஞ்சு காலியானது.

தண்ணீர். அதைத்தானே ராத்திரி முழுக்கக் கேட்டாள். பேதி கண்டவளுக்குத் தண்ணீர் காட்டினால் உயிர் போய்விடும் என்று தெருவே சொன்னது. அவனும் நம்பினான். மச்சான், ஒரு மடக்கு. மச்சான், நாக்கு ஒட்டுது, ஒரே மடக்கு. அவள் கண் கூஜாவையே மேய்கிறது என்று அதைக் கொண்டுபோய் முற்றத்தில் கவிழ்த்தான். தரை உறிஞ்சுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். கடைசியில் கேட்கப் பொறுக்காமல் அழுதுகொண்டே அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினான். கையை எடுத்தபோது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

யா அல்லா, பிழைக்க வைக்கத்தானே செய்தேன் என்று முணுமுணுத்தான். அப்போதுதான் அவள் தோள் அவன் மேல் சாய்ந்தது. காலையில் மரக்கட்டையாய் விறைத்திருந்த தோள். இப்போது இளகியிருந்தது. கதகதப்பாக இருந்தது.

கப்பலூர்ப் பொட்டலில் பஸ் நின்றது. மதுரைக்கு இன்னும் எட்டு மைல். உச்சி வெயில். கொப்பரையைக் கிளறிக் கரி போட வேண்டுமென்று டிரைவர் இறங்கினார். புழுக்கம் தாளாமல் எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலுக்குப் போனார்கள்.

ஷேக் தாவூதும் எழுந்தான். எழுந்ததாக நினைத்தான். கால் வரவில்லை. முட்டி மடங்கியது மடங்கியபடி இறுகிக் கிடந்தது. கையைத் தூக்கிப் பார்த்தான். அதுவும் வரவில்லை.

நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அப்படியொரு தாகம். அவன் பிறந்ததிலிருந்து கண்டிராத தாகம்.

பக்கத்தில் மூடி திருகும் சத்தம். மெதுவாக. பிறகு களக், களக்.

அவன் திரும்பவில்லை. திரும்பக் கழுத்து வளையவில்லை. துப்பட்டியின் ஓரம் மட்டும் கண்ணில் பட்டது. அது மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது.

காசிமாயன் படியில் ஏறி எட்டிப் பார்த்தான். கையில் செம்பு.

"என்ன பாய், எறங்கலையா?"

காப்பாத்து தம்பி என்று கத்த வாயைத் திறந்தான். வாய் திறந்தது. சத்தம் இல்லை. திறந்த வாய் மூடவும் இல்லை. பதில் பக்கத்திலிருந்து வந்தது.

"அவுகளுக்குக் காச்சல் தம்பி. தூங்குறாக, எழுப்பாதீக."

"கண்ணு தெறந்திருக்கேம்மா. தண்ணி கேக்குறாரோ?"

"குடுத்துறாதீக. குடுத்தா உசிரு போயிரும்."

காசிமாயன் தலையாட்டினான். செம்பிலிருந்த தண்ணீரைத் தானே அண்ணாந்து குடித்துவிட்டு இறங்கிப் போனான். ஆட்கள் திரும்பி ஏறினார்கள். யாரும் கடைசி பெஞ்சைப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பியது.

துப்பட்டிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. ஈரமாக இருந்தது. முதலில் அவன் வாயைப் பொத்தியது. வெகுநேரம் பொத்தியிருந்தது. பிறகு அவன் சட்டைப் பைக்குள் நுழைந்து முதல் துணியை உருவியது. தாடைக்கு அடியில் கொடுத்து, கன்னத்தோடு ஏற்றி, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டது. அவன் கழற்றி மடியில் வைத்திருந்த தொப்பியை எடுத்து முடிச்சு தெரியாமல் கவிழ்த்தது.

இன்னொரு துணி மீதி இருந்தது. அவள் அதைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்து, அவனுடைய கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள்.