சீலி எண்ணிய மூன்று மரங்கொத்திகள்

தேயிலைத் தோட்டம் முடிந்து ஈட்டிப்பாறைக் காடு தொடங்கும் இடத்தில், யானைகள் என்றோ மிதித்துச் சாய்த்த கம்பி வேலி ஒன்று கிடக்கிறது. ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில், காலை ஏழு மணிக்கு, மூன்று பேர் அதைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைத்தார்கள்.

முன்னால் போனவர் அருள்தாஸ், தேயிலை ஃபாக்டரியில் மெக்கானிக். காளான் பைத்தியம். வெள்ளை வலைப் பாவாடை கட்டிய காளான் ஒன்று இந்தக் காட்டில் முளைப்பதாக யாரோ சொல்ல, ஆறு வருடமாக அதைத் தேடி அலைகிறார். அடுத்து அவர் மனைவி ரோஸ்லின், அவளுக்குக் காட்டுப்பூக்கள். கடைசியில் அருள்தாஸின் தங்கை ஜெயசீலி. கோவையில் விலங்கியல் படிக்கிறாள், மரங்கொத்திகளை எண்ணி நோட்டில் குறிக்கிறாள். காட்டுக்குள் வாய் திறக்கக் கூடாது என்பது சீலியின் சட்டம்.

இவர்கள் நடப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். அண்ணன் பார்வை தரையில், தங்கை பார்வை மர உச்சியில், ரோஸ்லின் பார்வை பாதையோரத்துக் காசித்தும்பையில். முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் ஆள் இல்லை. அன்றைக்கு முன்னால் யானை நின்றது.

குட்டியோடு நின்ற தாய் யானை. இருபதடிகூட இருக்காது. மூங்கில் ஒடியும் சத்தம் கேட்டுத்தான் மூவரும் பார்த்தார்கள். அது காதை விரித்துப் பிளிறியது. அவ்வளவுதான், யார் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. முள் கிழித்தது, கொடி காலை வாரியது, கிளைகள் முறியும் சத்தம் பின்னாலேயே துரத்தி வந்தது.

பெரிய பாறை ஒன்றின் பின்னால் சீலியும் ரோஸ்லினும் மூச்சிரைக்க ஒட்டிக்கொண்டார்கள். அருள்தாஸைக் காணோம்.

கணவன் பெயரைச் சொல்லிக் கத்தப் போனாள் ரோஸ்லின். சீலி அவள் வாயைப் பொத்தினாள். கீழே மூங்கில் புதர்களுக்கு நடுவே ஐந்து முதுகுகள் அசைந்தன. கூப்பிட்டால் கூட்டமே திரும்பும். யானைகள் பக்கமிருந்து காற்று வீசியதால்தான் இவர்கள் வாடை அவற்றுக்கு எட்டவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை.

அரை மணி நேரம் போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. தூரத்தில் 'டொக், டொக், டொக்' என்று கேட்க, சீலியின் கை தானாக நோட்டை எடுத்தது. கண்ணில் படாத பறவையைக் காதால் கேட்டே கணக்கில் சேர்ப்பது அவள் வழக்கம். 'மரங்கொத்தி, கேட்டது, ஒன்று' என்று எழுதினாள். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. ரோஸ்லினுக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கண்ணன் உசுரோட இருக்காரான்னு தெரியல, நீ குருவி எண்ணிட்டு இருக்கே," என்று காதருகே சீறினாள். "இத்தன ஆன நிக்குது. அந்தக் குருவி மட்டும் எப்படி இடத்த விட்டு நகராம கொத்துது?"

சீலியின் முகம் வெளுத்தது. மூன்று சத்தமும் கீழே பள்ளத்தில் ஓடும் ஓடைப் பக்கமிருந்து, ஒரே இடத்திலிருந்து வந்தவை. மரங்கொத்தி மரத்தில் முழங்கினால் சத்தம் டர்ர்ரென்று ஓடும். இதுவோ நிதானமாக மூன்று அடி, ஓர் இடைவெளி, மீண்டும் மூன்று அடி. மனிதக் குரல் கேட்டால் யானை வரும். மரம் தட்டும் சத்தம் அதற்குப் பழகியது, சட்டை செய்யாது. அண்ணன் அதை யோசித்துத்தான் தட்டியிருக்கிறார். யானையை ஏமாற்றத் தட்டியதில் தங்கை ஏமாந்துவிட்டாள்.

"அண்ணி, அது குருவி இல்ல. அண்ணன்."

யானைகளும் தண்ணீருக்காக ஓடைப் பக்கமே நகரத் தொடங்கியிருந்தன. இருவரும் பாறையிலிருந்து சறுக்கி இறங்கி, ஓடைக்குள் குனிந்தபடி நடந்தார்கள். முழங்கால்வரை நீர் ஜில்லென்றிருந்தது. அதற்குள் மூடுபனி இறங்கிவிட, எது மரம், எது யானை என்றே தெரியவில்லை. கறுப்பாக ஒன்று எதிரே நிற்க, மூச்சடக்கி நின்றார்கள். நல்லவேளை, அது பாறை.

விழுந்து கிடந்த மரத்தடியில், வேர்களுக்குள் கால் சிக்கி, கழுத்தெல்லாம் அட்டைகளோடு அருள்தாஸ் கிடந்தார். கையில் ஒரு கூழாங்கல். இவர்களைக் கண்டதும் அழுதுவிட்டார். இழுத்துப் பார்த்தார்கள், ஷூ வேரிடுக்கில் இறுகியிருந்தது. கரைமேல் கற்கள் உருண்டன. பனிக்குள்ளிருந்து யானையின் உறுமல் மிக அருகில் கேட்டது. ரோஸ்லின் பையிலிருந்த சின்னக் கத்தியால் ஷூ லேஸை அறுத்தாள். கால் மட்டும் உருவிக்கொண்டு வந்தது.

தூக்கி நிறுத்தியதும் அவர் நகராமல் விரலை நீட்டினார். அவர் கிடந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, வெள்ளை வலைப் பாவாடையோடு நின்றது அந்தக் காளான்! தலையில் ஈ மொய்க்க, அழுகிய இறைச்சியாய் நாறியது. ரோஸ்லின் முறைத்த முறைப்பில் விரல் மடங்கியது.

ஆளுக்கொரு தோள் கொடுத்து, ஓடை வழியாகவே அவரை இழுத்து வந்தார்கள். பின்னால் தண்ணீர் சளசளத்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தேயிலைச் செடிகள் தெரிந்த பிறகுதான் மூவரும் தரையில் சரிந்தார்கள்.

"எத்தன தடவ தட்டினேன் தெரியுமா சீலி?" என்றார் அருள்தாஸ்.

"மூணு தடவண்ணே. எழுதி வெச்சிருக்கேன்," என்றவள் தேம்பித் தேம்பி அழுதாள்.

காட்டுக்குள் டர்ர்ரென்று ஒரு முழக்கம் எழுந்தது. இது மரங்கொத்தியேதான். சீலி நோட்டைத் திறக்கவில்லை. அண்ணன், அண்ணி, தான் என்று முதலில் ஆட்களை எண்ணினாள். மூன்று பேரும் இருந்தார்கள். அதன்பிறகுதான் பென்சிலை எடுத்தாள்.